‘கழிவறையில் வழுக்கி விழுந்தார்’: நாங்கள் தவறாகப் படித்த ஒரு வரி

இரண்டு வருடங்களுக்கு முன்னால் நாங்கள் ஒரு வெற்றியை அறிவித்தோம். சூலூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மனநல இல்லத்தில் எங்கள் காலனித் தம்பி ஒருவன் அடிபட்டுக் கிடந்தான். நாங்கள் போய்க் கேள்வி கேட்டோம். மூன்றே நாளில் ‘சம்பந்தப்பட்ட ஊழியர்’ வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ‘போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி’ என்று எழுதினோம். நிறையத் தோழர்கள் பாராட்டினார்கள். அந்த வெற்றியைத் திரும்பப் பெறுவதற்காகத்தான் இப்போது இதை எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் ஏழெட்டுப் பேர். கல்லூரி மாணவர்கள் மூன்று பேர், சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒரு தோழர், தறி ஓட்டும் இரண்டு பேர், நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்க்கும் ஓர் அக்கா. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கூடி அம்பேத்கரைப் படிப்போம். சாதிச் சான்றிதழ், உதவித்தொகை, போலீஸ் ஸ்டேஷன் என்று யாருக்காவது அலைய வேண்டியிருந்தால் கூடப் போவோம். மனநல இல்லத்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

அந்தத் தம்பிக்கு அப்போது 23 வயது. சோமனூர் பக்கம் ஒரு தறிக்கூடத்தில் ராத்திரி ஷிப்டு. முதலில் தூக்கம் போனது. பிறகு தறிச் சத்தத்துக்குள் யாரோ தன் பெயரைச் சொல்லித் திட்டுவதாகச் சொன்னான். பிறகு சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று சாப்பிட மறுத்தான். அவன் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தவன்தான். வருவது நின்றபோது ‘ஓவரா யோசிக்கிறான், சரியாயிடுவான்’ என்று விட்டுவிட்டோம். எங்கள் தவறுகளில் முதல் தவறு இதுதான்.

அவன் அம்மா முதலில் கோயிலுக்குக் கூட்டிப் போனார். மந்திரித்துக் கயிறு கட்டினார். கோவை ஜி.எச்.சில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. தறிக்கூட முதலாளிதான் ஓர் இல்லத்தின் நம்பர் கொடுத்தார். மாதம் 8,000 ரூபாய். அதையும் அட்வான்ஸாக அவரே கொடுத்து அம்மாவின் கணக்கில் எழுதிக்கொண்டார். ராத்திரி ஒரு வேன் வந்தது. நாலு பேர் இறங்கித் தம்பியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். காலனியே வாசலில் நின்று பார்த்தது. நாங்களும் பார்த்தோம்.

பதினோராவது நாள் அம்மாவுக்குப் போன் வந்தது. “பையன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டானுங்க. வந்து பாத்துட்டுப் போங்க.”

போய்ப் பார்த்தபோது தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. இரண்டு மணிக்கட்டிலும் கட்டிப்போட்ட தடம் இருந்தது. கண் பாதி மூடியபடி இருந்தான். அம்மா எங்களைக் கூப்பிட்டார். ஐந்து பேர் போனோம்.

மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். “தம்பிங்க எல்லாம் எந்த ஊருங்க?” என்றார். சொன்னோம். “ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமுங்களா?” என்றார். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. ‘அந்தப் பக்கம்’ என்று சொன்ன பிறகு அவர் குரலில் மரியாதை அப்படியே இருந்தது. ஆனால் பேச்சு சுருங்கிவிட்டது. ஃபைலைக் கேட்டோம். “அதெல்லாம் ஆஸ்பத்திரி விஷயமுங்க” என்றார். வெகுநேரம் வாதாடிய பிறகு ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்டினார். அன்றைய தேதிக்கு நேராக ஒரே ஒரு வரி இருந்தது: ‘நோயாளி கழிவறையில் வழுக்கி விழுந்தார்.’

யார் பார்த்தது, எத்தனை மணிக்கு, அதற்கு முன் கட்டிப்போட்டிருந்தார்களா, யார் கட்டச் சொன்னது, டாக்டர் எப்போது வந்தார், வீட்டுக்கு எப்போது சொன்னார்கள் என்று எதுவும் இல்லை. சாய்வான கையெழுத்தில் ஒரு வரி. கீழே ஒரு கையெழுத்து. அது ராத்திரி ட்யூட்டி அட்டெண்டருடையது என்றார்கள்.

பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர் அம்மாவிடம் மெல்லச் சொல்லியிருந்தார்: “அந்தப் பொம்பள அட்டெண்டர்தான் கட்டிப்போட்டுச்சு.” எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து புகார் எழுதினோம். கையெழுத்தில் இருந்த பெயரைப் போட்டு, ‘மனிதாபிமானமற்ற முறையில் நடந்துகொண்ட இந்த ஊழியர் மீது உடனடி நடவடிக்கை’ கோரினோம். மூன்றாம் நாள் மேனேஜரே போன் செய்தார். “நடவடிக்கை எடுத்தாச்சுங்க தம்பி. அந்தம்மாவ நிறுத்திட்டோம்.” தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தோம், ஜி.எச்.சில் சேர்த்தோம், வெற்றி என்று எழுதினோம்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நடக்கும் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். செருப்பை வெளியே விட்டு, திண்ணை ஓரத்தில் உட்கார்ந்தார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. எங்களில் ஒருவரிடம் வீட்டில் பேசும் தெலுங்கிலும், எங்கள் எல்லோரிடமும் தமிழிலும் மாறி மாறிப் பேசினார். அருந்ததியர் அக்கா. எங்கள் ஆள். நாங்கள் புகாரில் பெயர் போட்ட அட்டெண்டர்.

“நீங்கெல்லாம் படிச்ச புள்ளைங்க. பையனோட அம்மாளக் கேட்டீங்க, மேனேசரக் கேட்டீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா கண்ணு?”

நாங்கள் பதில் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

அவரைத் துப்புரவு வேலைக்குத்தான் கான்ட்ராக்டில் எடுத்தார்கள். ராத்திரிக்கு ஆள் போதவில்லை என்று அட்டெண்டர் ஆக்கினார்கள். சம்பளம் மட்டும் துப்புரவுச் சம்பளம். அன்று ராத்திரி 31 பேருக்கு அவர் ஒருத்தி. வர வேண்டிய ஆண் அட்டெண்டர் வரவில்லை. தம்பி பயந்துபோய்க் கதவை முட்டிக்கொண்டிருந்தான். டாக்டருக்குப் போன் போட்டார். மேனேஜர்தான் எடுத்தார். “கட்டிப் போடு, காலையில பாத்துக்கலாம்.” கயிறு அறுக்கும் என்று தன் பழைய சேலையைக் கிழித்துக் கட்டினார். விடிகாலை தம்பி பாத்ரூம் போக வேண்டும் என்று அழுதான். அவிழ்த்து, ஒரு கையில் அவனைப் பிடித்துக்கொண்டு கூட்டிப் போனார். மாத்திரை மயக்கத்தில் அவனுக்குக் கால் நிற்கவில்லை. பாத்ரூமில் தண்ணீர் தேங்கும், பல்பு எரியாது. மூன்று தடவை சொல்லியும் யாரும் சரிசெய்யவில்லை. அவன் விழுந்தபோது அவரும் கூட விழுந்தார். முழங்கை வீங்கியிருந்ததை ஒரு மாதம் கழித்தும் எங்களால் பார்க்க முடிந்தது.

“பொஸ்தகத்துல என்ன எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன்.”

நாங்கள் அந்த ஒற்றை வரியைப் பொய் என்று நினைத்தோம். அது பொய் இல்லை. தம்பி வழுக்கித்தான் விழுந்தான். ஆனால் அந்த வரியை எழுதியவர்கள், அதற்கு மேலே இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கடைசி நொடியையும் கடைசி ஆளையும் மட்டும் மிச்சம் வைத்தார்கள். நாங்கள் போய் அந்த வேலையை முடித்துக் கொடுத்தோம். மேனேஜர் அவரை நீக்கத் தயங்கியிருந்தால்கூட, எங்கள் புகார் அவருக்கு வழி செய்து கொடுத்தது. பாத்ரூமில் பல்பு அப்போதும் எரியவில்லை. ராத்திரி அப்போதும் ஒரே ஆள். அந்த ஒரே ஆளாக வேறொரு துப்புரவுப் பெண் வந்திருந்தார்.

தோழர்களே, இதற்குப் பிறகுதான் நாங்கள் படிக்க ஆரம்பித்தோம்.

ஏர்வாடியிலிருந்து தொடங்கினோம். 2001 ஆகஸ்ட் 6, விடியாத நேரம். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சுமார் 45 பேர். அவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. இறந்தவர்கள் மொத்தம் 28 பேர். அடுத்த வாரமே ஏர்வாடியில் இருந்த இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500 பேருக்கு மேல் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த வழக்கின் பெயரில் இன்றும் ‘சங்கிலியால் கட்டப்பட்ட 25 பேரின் மரணம்’ என்றுதான் இருக்கிறது. முதல் நாள் எண்ணியது 25. தீக்காயத்தோடு போராடிப் பிறகு இறந்தவர்கள் அந்தத் தலைப்புக்குள் வரவில்லை. 2007-இல் காப்பகத்தை நடத்தியவர்களுக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

தண்டனை சரிதான். ஆனால் நாங்கள் அப்போது எங்களையே கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. அந்தத் தீ எப்படிப் பிடித்தது என்பது ஒரு கேள்வி. அவர்களால் ஏன் ஓட முடியவில்லை என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு ஒரு விளக்கோ ஓர் ஆளோ பதிலாகக் கிடைக்கலாம். இரண்டாவது கேள்வியைக் கேட்டால் சங்கிலி வருகிறது, கீற்றுக் கொட்டகை வருகிறது, ராத்திரிக்கு ஆள் வைக்காதது வருகிறது, மாவட்டத்தில் மருத்துவம் இல்லாததால் குடும்பங்கள் அங்கே கொண்டுபோய் விட்டது வருகிறது, அதைப் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்த அரசு வருகிறது. எங்கள் தம்பி விஷயத்தில் நாங்கள் முதல் கேள்வியோடு நின்றுவிட்டோம்.

சூலூர்க்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் சொல்லலாம். 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் எங்கள் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்துதான் கிளம்பியது. குன்னூர் அருகே விழுந்தது. அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். அன்று ராணுவ வண்டிகள் திருச்சி ரோட்டில் போய் வந்ததை எங்களில் பலர் பார்த்தோம். அடுத்த நாளே கறுப்புப் பெட்டியை எடுத்தார்கள். முப்படை விசாரணைக்குழு அமைத்தார்கள். இயந்திரமா, சதியா, அலட்சியமா, வானிலையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மறு மாதமே முதல் கட்ட முடிவை வெளியிட்டார்கள். விசாரணையின் முடிவில் குறை இருக்கலாம், விவாதிக்கலாம். ஆனால் ‘ஹெலிகாப்டர் விழுந்தது’ என்று ஒரு வரி எழுதி யாரும் ஃபைலை மூடவில்லை. விழுந்தவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் இந்த நாட்டில் ‘ஏன் விழுந்தார்’ என்ற கேள்வியே பிறக்கிறது. காலனிப் பையன் விழுந்தால் கறுப்புப் பெட்டி கிடையாது.

ஆனால் சட்டத்தில் இருக்கிறது. இது எங்களுக்கே அதிர்ச்சியாக இருந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால், நாங்கள் அன்று மேனேஜர் மேஜைக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய ஒவ்வொரு கேள்வியும் அதில் எழுதியிருக்கிறது.

பிரிவு 95, மனநோய் உள்ள எவரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. ஏர்வாடியின் சாம்பலிலிருந்து வந்த வாசகம் என்றுதான் நாங்கள் அதைப் படிக்கிறோம். பிரிவு 97, தனியறையில் அடைப்பதைத் தடை செய்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவதற்கும் கடுமையான நிபந்தனை வைக்கிறது: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், அதையும் சிகிச்சை தரும் மனநல மருத்துவர் அனுமதித்தால் மட்டும், தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் கூடாது, தண்டனையாக ஒருபோதும் கூடாது. எப்படிக் கட்டினார்கள், ஏன், எவ்வளவு நேரம் என்பதை உடனே மருத்துவக் குறிப்பில் எழுத வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். மாதாமாதம் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும்.

அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டிப்போடக் கூடாது. இதைப் படித்தபோது எங்கள் கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 31 பேருக்கு ஒருத்தி. ‘கட்டிப் போடு, காலையில பாத்துக்கலாம்.’ சட்டம் குற்றம் என்று சொல்வது அந்தப் போன் வார்த்தையை. நாங்கள் குற்றம் என்று சொன்னது அந்த வார்த்தையைக் கேட்டுச் சேலையைக் கிழித்த கையை.

பிரிவு 18, மனநலச் சேவையை யாருக்கும் பாகுபாடு காட்டாமல் தர வேண்டும் என்கிறது. பாகுபாட்டின் காரணங்களை வரிசையாகச் சொல்லும்போது பாலினம், மதம், வர்க்கம் இவற்றோடு சாதியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சட்டத்தில் சாதி இருக்கிறது. நாங்கள் பார்த்த பக்கத்தில் அது இல்லை. யார் அதிகம் கட்டப்படுகிறார்கள், யாருக்கு வீட்டுக்கு உடனே போன் போகிறது, யாருக்குப் பதினோரு நாள் கழித்துப் போகிறது என்று எண்ணிப் பார்க்க நம்மிடம் எதுவும் இல்லை.

வேறு நாட்டில் எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். லண்டனில் 2010-இல் ஒலசெனி லூயிஸ் என்ற 23 வயதுக் கறுப்பின இளைஞர், தானே மருத்துவமனைக்குப் போனவர், அங்கே 11 போலீஸ்காரர்கள் அமுக்கிப் பிடித்ததற்குப் பிறகு இறந்துபோனார். அவருடைய பெற்றோர் பல வருடம் போராடினார்கள். 2018-இல் ‘செனியின் சட்டம்’ என்று அழைக்கப்படும் சட்டம் வந்தது. மனநல வார்டில் ஒருவர் மீது பலம் பிரயோகித்தால் ஏன், எப்படி, எவ்வளவு நேரம், யார் என்று பதிவு செய்ய வேண்டும். அவருடைய இனத்தையும் பதிவு செய்ய வேண்டும். நாடு முழுவதற்குமான கணக்கை வெளியிட வேண்டும். கறுப்பினத்தவர்கள்தான் அதிகம் அமுக்கப்படுகிறார்கள் என்று அவர்கள் காலங்காலமாகச் சொன்னது இப்படித்தான் அரசே மறுக்க முடியாத எண்ணாகிறது. இங்கே வார்டில் ஒவ்வொருவரிடமும் சாதி கேட்டுக் கட்டிலில் ஒட்டச் சொல்லவில்லை. அது இன்னொரு கொடுமையாகிவிடும். ஆள் அடையாளம் தெரியாத தொகுப்புக் கணக்காக, மாநில அளவில், சமூகவாரியாக வெளியிடச் சொல்லலாம். இது நம் இயக்கங்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கை என்று நினைக்கிறோம்.

இனி நாளைக்கு உங்கள் ஊரில் இப்படி ஒரு போன் வந்தால் என்ன செய்வது? நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

முதலில் அந்த ஆள். கோஷம் பிறகு. அவரைத் தனியாகப் பார்க்கக் கேளுங்கள். வேறு மருத்துவரிடம் காட்ட வேண்டுமா என்று பாருங்கள். காயத்தைப் படம் எடுப்பதற்கு முன் அவரிடமே அனுமதி கேளுங்கள். அம்மா சொன்னார், அண்ணன் சொன்னார் என்பது அவருடைய அனுமதி ஆகாது. எங்கள் முதல் பதிவில் தம்பியின் மணிக்கட்டுப் படத்தை அவனிடம் கேட்காமல் போட்டோம். பிறகு தறிக்கூடத்தில் அதைக் காட்டி அவனைக் கேலி செய்தார்கள்.

இரண்டாவது, காகிதம். அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறுவது நோயாளியின் உரிமை, பிரிவு 25. எழுத்தில் கேளுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கட்டிப்போட்டதற்கான குறிப்பு எங்கே, அனுமதித்த மருத்துவர் யார், பிரதிநிதிக்கு எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், இந்த இல்லம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். குறிப்பு இல்லை என்றால் ‘குறிப்பு இல்லை’ என்பதையே புகாரில் முதல் வரியாக எழுதுங்கள்.

மூன்றாவது, கேள்வியை மேலிருந்து தொடங்குங்கள். அன்று ராத்திரி எத்தனை நோயாளிகள், எத்தனை ஊழியர்கள், எத்தனை பேர் கான்ட்ராக்ட், டாக்டர் எங்கே இருந்தார், உத்தரவு யாருடையது, இதே இடத்தில் இதற்கு முன் யாராவது விழுந்தார்களா? புகாரில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, அதுவும் அங்கே மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் ஆளின் பெயர் என்றால், எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்ப யோசியுங்கள். இதற்கு அர்த்தம் கீழ்நிலை ஊழியர் எது செய்தாலும் விட்டுவிட வேண்டும் என்பதல்ல. அடிப்பவரும் இருக்கிறார்கள், சாதி சொல்லித் திட்டுபவரும் இருக்கிறார்கள். அப்படி என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உட்பட எல்லாச் சட்டமும் அவர்கள் மேல் பாயட்டும். ஆனால் அதை விசாரித்துத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

நான்காவது, ஊழியரிடம் பேசுங்கள். அங்கே வேண்டாம், வெளியே, அவர் நம்பும் ஆளோடு. துடைப்பம் பிடிக்கிறவருக்குத் தெரிவது மேனேஜருக்குத் தெரியாது. எந்தப் பல்பு எரியவில்லை, எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். சொன்னால் வேலை போகும் என்ற பயம் இருக்கும் வரை சொல்ல மாட்டார். அந்தப் பயத்தைப் போக்குவதும் பாதுகாப்பில் ஒரு பகுதி.

ஐந்தாவது, மற்ற நோயாளிகளின் வார்த்தை. ‘அவுங்க பேச்சக் கேட்டுட்டு வராதீங்க’ என்பார்கள். கேளுங்கள். பக்கத்துக் கட்டில்காரர் எங்களிடம் சொன்னது உண்மைதான். அந்த அட்டெண்டர்தான் கட்டினார். அவரிடம் ‘வேறென்ன பார்த்தீர்கள்’ என்று இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் போன் பேசியதையும் சொல்லியிருப்பார். நாங்கள் எங்களுக்கு வேண்டியது கிடைத்ததும் எழுந்துவிட்டோம்.

ஆறாவது, புகாருக்கு வழி. பிரிவு 28-இன்படி முதலில் அந்த நிலையத்தின் பொறுப்பு மருத்துவரிடம், பிறகு மறுஆய்வு வாரியத்திடம், அதற்கும் மேலே மாநில மனநல ஆணையத்திடம் போகலாம். சட்ட உதவி இலவசம். கடிதத்தின் கடைசியில் ‘நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன மாற வேண்டும் என்று எழுதுங்கள். ராத்திரிக்கு எத்தனை ஆள், எந்த விளக்கு, எந்தப் பதிவேடு, எந்தத் தேதிக்குள். தேதி போட்டால்தான் திரும்பப் போய்க் கேட்க முடியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. வேன் வருவதற்கு முன்னால் நாம் வர வேண்டும். தூக்கம் போனவரை, கூட்டத்துக்கு வராமல் போனவரைத் தேடிப் போக வேண்டும். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் உதவி தமிழிலேயே கிடைக்கிறது. ஜி.எச்.சுக்கு முதல் நாள் கூடப் போக ஓர் ஆள் இருந்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள். சாதியை எதிர்த்து நிற்பவர்களுக்கு மனசு உடையக் கூடாது என்று ஒரு நினைப்பு நமக்குள் இருக்கிறது. அந்த நினைப்பினால்தான் தம்பி எங்களிடம் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை நாங்கள் எழுதிய புகாரில் அந்த அக்காவின் வாக்குமூலத்தையும் சேர்த்தோம், அவர் சம்மதத்தோடு. எங்கள் முதல் புகார் அவசரத்தில் எழுதியது, அது தவறு என்றும் எழுதினோம். அதை எழுத வேண்டாம், நம் பக்கம் பலவீனமாகத் தெரியும் என்று எங்களில் இரண்டு பேர் சொன்னார்கள். நீண்ட நேரம் பேசினோம். எழுதினோம். புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இப்போது அங்கே ராத்திரிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். போய்ப் பார்க்க வேண்டும்.

தம்பி மாதம் ஒரு தடவை சூலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் ஏறி ஜி.எச்.சுக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறான். ராத்திரி ஷிப்டை விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வருகிறான். தோள் இன்னும் முழுக்கத் தூக்க வராது. இந்தக் கட்டுரையை அவனிடம் படித்துக் காட்டிய பிறகுதான் வெளியிடுகிறோம். ஓர் இடத்தில் திருத்தம் சொன்னான்: வேனில் தூக்கிப் போட்டது நாலு பேர் அல்ல, மூன்று பேர், நாலாவது ஆள் நம் தெருக்காரர், உதவிக்கு வந்தவர். அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டு இங்கே சொல்கிறோம். நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்பதற்கு அதுவும் சாட்சி.

அக்காவுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு மில் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனோம். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது, “அடுத்த தடவ போனீங்கன்னா, மொதல்ல என்னையாட்ட ஆள் யாரு இருக்கறாங்கன்னு பாருங்க சாமி” என்றார்.

பார்க்கிறோம் அக்கா.

ஜெய் பீம்.